ஞாயிற்றுக்கிழமைச் சக்கரம்

கல்யாணம் முடிந்து இந்த வீட்டுக்கு வந்த முதல் ஆனி மாதம், கொடியில் உலர்த்தியிருந்த என் புதுச்சேலை பறந்துபோய் எங்கேயோ ஒரு பிச்சித் தோட்டத்து வேலியில் சிக்கிக் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்து கொடுத்த பூப்பறிக்கிற பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “இஞ்ச சேலைய கொடியில கெட்டணும் பிள்ளே, சும்மா போடப்பிடாது.”

நான் கருங்கல் ஊர்ப்பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் தென்னை ஓலை ஆடினால் அதைக் காற்று என்போம். தோவாளையிலிருந்து ஆரல்வாய்மொழிக்குப் போகிற ரோட்டோரத்தில், கணவாய்க்கு நேராக இருந்த என் புகுந்த ஊரில், ஓலை ஆடுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே மனிதர்கள் ஆடினார்கள். வைகாசி பிறந்தால் மேற்கிலிருந்து புறப்படுகிற காற்று புரட்டாசி வரை ஊரைப் பிடித்து உலுக்கும். குடையை விரித்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டவர்கள் கம்பியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேருவார்கள்.

அந்தக் காற்றை நான் மனதார வெறுத்தேன். அடுப்பில் மூட்டுகிற தீயை அது பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். பானை குளிர்ந்து கிடக்கும், சுவர் கொதிக்கும். பிறந்த வீட்டில் ஒரு வாரத்துக்கு வருகிற விறகுக்கட்டு இங்கே மூன்று நாளில் சாம்பல். மண்ணெண்ணெய் விளக்கை ஏற்ற நாலு தீக்குச்சி வேண்டும். ஏற்றினாலும் சிம்னிக்குள் சுடர் குதித்துக் குதித்துப் புகையைக் கக்கும். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்: நான், நாகர்கோவிலில் ஒரு பஸ் ஷெட்டில் பிட்டராக இருந்த என் வீட்டுக்காரர், அவருடைய தாயாரான என் மாமி. மூன்று பேருக்குச் சமைக்க ஏழு பேருக்கான விறகு எரிந்தது.

விறகு போனால் போகட்டும். புகைதான் என் வயிற்றெரிச்சல்.

நான் மிஷன் லேஸ் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வைக்கோல் திணித்த உருளைத் தலையணை ஒன்று, அதில் குத்திய குண்டூசிகள், நூல் சுற்றிய ஐம்பது அறுபது சின்னக் குச்சிகள், இவ்வளவுதான் கருவி. குச்சிகளை இடம் மாற்றி மாற்றிப் போட்டால் நூல் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு பூவாகவும் இலையாகவும் இறங்கிவரும். பகலெல்லாம் வீட்டு வேலை இழுக்கும். காற்றோட்டமான முற்றத்தில் உட்கார்ந்தால் குச்சிகள் ஒன்றோடொன்று சிக்கும், மண் வந்து நூலில் ஒட்டும். எனக்குக் கிடைத்தது அந்திக்குப் பிறகு உள்ளறைதான். அங்கே விளக்குப் புகை. மாலையில் வெள்ளையாகப் பின்னியதைக் காலையில் பார்த்தால் அடுப்பு துடைக்கிற துணி நிறத்தில் இருக்கும்.

நான் கொண்டுபோய்க் கொடுத்த முதல் வேலையை, பள்ளிக்கூடத்தை நடத்திய மிஸ்ஸியம்மா கறுப்புத் துணிமேல் விரித்துப் பார்த்தார். கைக்குட்டையால் மெல்ல ஒற்றினார். கைக்குட்டையில் கரி. மூக்கருகே கொண்டுபோனார். அந்த வெள்ளைக்கார அம்மா நல்ல தமிழில் சொன்னது இன்றும் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது: “மகளே, உன் கை சுத்தமான கை. உன் விளக்குதான் அசுத்தம்.”

திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் போகவிடவில்லை. அடுத்த புரட்டாசியில் அவர் சீமைக்குக் கப்பலேறுகிறார். அதற்குள் ஒரு குழந்தையின் ஞானஸ்நான உடுப்புக்கு இரண்டு கெஜம் விளிம்பு, பால்போல வெள்ளையாக, செய்து கொடுக்க வேண்டும். கொடுத்தால் எங்கள் ஊரிலேயே ஒரு லேஸ் வகுப்பு, அதற்கு நான் ஆசிரியை. கொடுக்காவிட்டால் அந்த வகுப்பு கொட்டாரம் ஊருக்குப் போகும், அங்கே வேறொருத்தி காத்திருக்கிறாள்.

அந்த வகுப்பு எனக்கு வேண்டும். ஏன் என்று கேட்டால் பெரிய விளக்கமெல்லாம் கிடையாது. என்னை ‘பிட்டருக்க பெஞ்சாதி’ என்று கூப்பிட்ட ஊர் ‘டீச்சர்’ என்று கூப்பிட வேண்டும். அவ்வளவு ஆசை.

முதலில் விறகைப் பிடித்தேன். மலையடிவாரத்தில் சுள்ளி பொறுக்கப் போகிற நேரம் மிச்சமானால் பகலிலும் ஒரு மணிநேரம் லேஸ் பின்னலாமே. ரோட்டோர நெல்மில்லுக்குப் பின்னால் உமி மலைபோலக் குவிந்து கிடந்தது. எடுத்துக்கொண்டு போனால் சந்தோஷம் என்றார் மில்காரர். அந்த உமி ஒரு மூலையில் தீப்பிடித்துச் சுடரே இல்லாமல் நாள்கணக்கில் கனிந்துகொண்டிருந்ததை வரும்போதும் போகும்போதும் பார்த்திருக்கிறேன். காற்று ஊதினாலும் அது பறக்கவில்லை, அணையவில்லை. இறுக்கமாக இருப்பதால்தான் என்று பட்டது.

பழைய மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை எடுத்து மேல்பக்கத்தை வெட்டினேன். அடியில் பக்கவாட்டில் ஒரு துளை. துளை வழியாக ஓர் உருட்டுக்கட்டையை நுழைத்து, நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிலும் உமியைக் கொட்டினேன். பிறகு போத்தலை உருவி, கட்டையை உருவி, அடியில் ஓலைக்கீற்றைப் பற்றவைத்தேன். முதல்நாள் உமி மொத்தமும் உள்ளே சரிந்து, பொத்தென்று ஒரு சாம்பல் மேகம் என் முகத்தில் அடித்தது. மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏட்டி, கண்ணாடியில போய்ப் பாரு, அரிசி மாவுல பொரட்டின நெத்திலி மாதிரி இருக்கா” என்றார்.

மறுநாள் உமியை உலக்கையால் இடித்து இடித்து இறுக்கினேன். பற்றவைத்தேன். நடுக்குழியிலிருந்து சுடர் நிமிர்ந்து எழுந்தது பாருங்கள், எனக்குக் கைதட்டத் தோன்றியது! புகை கொஞ்சம்கூட இல்லை. சோறு வெந்து, குழம்பு கொதித்து, வெந்நீரும் சுட்டு, அதற்குப் பிறகும் தகரம் கனிந்துகொண்டே இருந்தது. காற்று வந்து தகரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து விறகுக்காரி எங்கள் வாசலில் சுமையை இறக்குவதை விட்டுவிட்டாள்.

மாமிக்கு இந்த அடுப்பு பிடித்துப்போனதற்கு வேறொரு காரணம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தீ மூட்டக் கூடாது. கர்த்தருடைய நாளில் வேலை கிடையாது. சனிக்கிழமை சமைத்ததை ஞாயிறு முழுக்க ஆறிப்போய்ச் சாப்பிடுவோம். சனிக்கிழமை அந்தியில் இறுக்கிப் பற்றவைத்த உமி அடுப்பு ஞாயிறு மத்தியானம் வரை சூடு குறையாமல் இருந்ததும் மாமி முகம் மலர்ந்துவிட்டது. “நாம மூட்டல்லியே, நேத்தைக்கு மூட்டினதுதான அது பாட்டுக்குக் கெடக்கு” என்று சொல்லிச் சூடான குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

என் அடுப்பைப் பார்த்து வீட்டுக்காரருக்குப் பொறாமை வந்துவிட்டது. பொறாமை இல்லை என்று கடைசிவரை சாதித்தார், நான் நம்பவில்லை. பஸ்ஸைக் கழற்றி மாட்டுகிறவர், பெண்டாட்டி ஒரு தகரத்தில் ஓட்டை போட்டு ஊர்ப்பேச்சு ஆகிவிட்டால் சும்மா இருப்பாரா? ஒருநாள் ஷெட்டிலிருந்து வரும்போது தலையில் ஒரு சாக்கு மூட்டை. உள்ளே, ஓடி ஓய்ந்த பழைய பஸ் ஒன்றின் டைனமோ, பாட்டரி, முன்விளக்கு பல்பு. பஸ்ஸை உடைக்கச் சொன்ன முதலாளி இவற்றை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

“பஸ்ஸு ஓடும்போது இது சுத்தும், சுத்தினா கரண்டு, கரண்டு பாட்டரியில சேரும். இஞ்ச பஸ்ஸுக்குப் பதிலா காத்து, அவ்வளவுதான், கேட்டியா” என்றார். டைனமோவுக்குப் பக்கத்தில் வண்டியில் ஒரு சின்னத் தகரப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்ததாம். அதைக் கழற்றவில்லை. “அது என்னத்துக்கு? சும்மா அழகுக்கு வச்சிருக்கான்.” சக்கரமும் பிரேக்கும் அவருக்கு அத்துப்படி. மின்சாரத்தோடு பழக்கம் தூரத்துச் சொந்தக்காரரோடு இருக்கிற மாதிரிதான். அந்தத் தகரப்பெட்டியை மறந்துவிடாதீர்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை. அதன்மேல் இரண்டு பனந்தடிகளை நட்டார். மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி இறக்கைகளாக அடித்தார். மண்ணெண்ணெயை ஒழிக்க மண்ணெண்ணெய்த் தகரமே வந்தது எனக்கு ரொம்பத் திருப்தி. மேலே சக்கரம் மேற்கைப் பார்த்து நின்றது. கீழே ஒரு மரப்பெட்டிக்குள் டைனமோ, அதன்மேல் தகர மூடி. இரண்டையும் ஒரு தோல்வார் இணைத்தது. பெட்டியிலிருந்து கம்பி சுவர் ஏறி உள்ளறைக்கு, பாட்டரிக்கு வந்தது.

ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. சக்கரத்தை அவிழ்த்துவிட்டார். அது ஒரு முக்கு முக்கியது, ஒரு முறை தயங்கியது, பிறகு பிய்த்துக்கொண்டு சுற்றியது! கோழிகள் நாலாபக்கமும் ஓடின. பக்கத்து வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டது. அன்று பகல் முழுக்க நாங்கள் யாரும் ஒரு வேலையும் செய்யவில்லை. பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அந்தியானதும் உள்ளறையில் போய் நின்றோம். அவர் கம்பியைப் பல்பில் வைத்தார்.

வெளிச்சம்! அசையாத வெளிச்சம். அதுதான் எனக்கு ஆச்சரியம். ஆடிக்காற்று கதவை இடித்துக்கொண்டிருக்கிறது, விளக்கு இமைக்கவே இல்லை. நான் லேஸ் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஊசி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன், நூலில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். இத்தனை நாள் என்னை வதைத்த காற்று எனக்காக விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றது.

மறுநாள் சனிக்கிழமை. அந்தியில் மாமி ஒரு கயிற்றோடு வந்தார்.

“ஏலே மக்கா, நாளைக்குக் கர்த்தருக்க நாளாக்கும். இத கெட்டிப்போடு.”

“அம்மா, அடுப்பு எரியலாம், சக்கரம் சுத்தப்பிடாதா?”

“அடுப்பு அடுக்களைக்குள்ள இருக்கு. அத கர்த்தர் மட்டும்தான் பாக்காரு. இத ஊரே பாக்கும். கோயிலுக்குப் போறவியளுக்க கண்ணுக்கு முன்னால இது கெடந்து ஆடிச்சுன்னா, நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு அவியளுக்க எடையில போய் இருக்கது?”

வாதாடி ஜெயிக்க முடியாத நியாயம். கட்டிப்போட்டார். ஞாயிறு முழுக்கச் சக்கரம் கயிற்றை இழுத்துக்கொண்டு முனகியது. எங்கள் உபதேசியார் கோயில் வாசலில் மாமியைப் பார்த்து, “வேதத்தில மிருகத்துக்குக்கூட ஓய்வு உண்டு, நீங்க சக்கரத்துக்கும் குடுத்திட்டிய” என்று மெச்சினார். மாமி அன்று முழுக்கத் தலையை நிமிர்த்தியே நடந்தார். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை அந்தியிலும் கயிறு ஏறியது.

திங்கட்கிழமைகளில் மட்டும் விளக்கு மங்கியது. செவ்வாயில் தேறும், வெள்ளியில் ஜொலிக்கும், அடுத்த திங்களில் மறுபடியும் பழுத்த எலுமிச்சை நிறத்தில் சோர்ந்து கிடக்கும். ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். சனிக்கிழமை அந்தியில் இன்னும் வெள்ளனே கட்டாததற்கு ஆண்டவர் கொடுக்கிற அடையாளம் என்றார் மாமி. பாட்டரி கிழடு என்றார் வீட்டுக்காரர். உங்கள் கைவேலை லட்சணம் என்றேன் நான். எங்கள் பூனை மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் டைனமோ பெட்டியின் மேல் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது. மற்ற நாளில் சக்கரத்தின் சத்தத்துக்குப் பயந்து பாறைப்பக்கமே வராத பூனை. சத்தமில்லாத நாளில் வந்து படுக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. ஆவணியில் ஓர் அந்தி, காற்று அப்படியே விழுந்துவிட்டது. முருங்கை இலைகூட அசையவில்லை. வெளியே வந்து பார்த்தால் சக்கரம் மட்டும் மெதுவாக, கம்பீரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது! வீட்டுக்காரர் துள்ளிக் குதித்தார். “பாத்தியா! ஆளுக்குத் தெரியாத காத்தக்கூட இது பிடிக்குது! நான் அடிச்ச எறக்கைய பாத்தியா!” ஓடிப்போய் அக்கம்பக்கத்தாரை அழைத்துவந்து காட்டினார். ஊரே வாயைப் பிளந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை பூப்பறிக்கிற பெண்களிடம், எங்கள் வீட்டுச் சக்கரத்துக்குக் காற்றே தேவையில்லை என்று பெருமையடித்தேன். அன்று மாலை விளக்கு சீக்கிரமே கண்ணை மூடிக்கொண்டது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எங்கள் மூன்று பேருக்கும் இல்லை.

விளிம்பு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. புரட்டாசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மிஸ்ஸியம்மாவின் பெட்டிகள் கப்பலுக்குப் புறப்படுகின்றன. அன்று காலை முதல் பஸ்ஸில் நான் போய்க் கொடுக்க வேண்டும். முந்தின வாரம் பார்த்தால் இன்னும் ஒன்றரைச் சாண் பாக்கி. அந்த வாரம் பார்த்துத்தான் காற்று கையை விரித்தது. மழைமேகம் கவிந்து பகலிலேயே உள்ளறை இருண்டது. பாட்டரி தீர்ந்தது. வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினேன். சிம்னியைச் சாம்பலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவித்தான் ஏற்றினேன். கால்மணி நேரத்தில் ஒரு கரித்துணுக்கு, கடுகில் பாதி, பூவிதழின் நடுவில் வந்து உட்கார்ந்தது. இரண்டு விரல்கடை நீளத்தைப் பிரித்தெடுத்தேன். பிரிக்கும்போது பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

சனிக்கிழமை விடியும்போதே காற்று வந்தது! பருவத்தின் கடைசிக் காற்று, கணவாயிலிருந்து ஊளையிட்டுக்கொண்டு வந்தது. நான் முற்றத்தில் நின்று கத்தினேன். சக்கரம் எழுந்து சுற்ற ஆரம்பித்தது. இரண்டு நாள் இப்படி அடித்தால் போதும், திங்கட்கிழமை மாலை முழுக்க வெளிச்சம், முடித்துவிடுவேன்.

பகல் முழுக்கச் சுற்றியது. அந்தியில் திரும்பிப் பார்த்தால் மாமி கையில் கயிறு.

“மாமி, நாள முழுக்கச் சுத்தினாத்தான் பாட்டரி நெறையும். ஒரே ஒரு ஞாயிறு, மாமி.”

“ஒரு ஞாயிறுன்னு தொடங்குனா எல்லா ஞாயிறும் போவும் மக்களே.”

“வகுப்பு போயிருமே!”

மாமியின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் வருத்தம்தான், அது தெரிந்தது. ஆனால் கயிற்றை மகனிடம் நீட்டிவிட்டார். அவர் என்னைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், கட்டிவிட்டார். நான் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். கோபத்தில் எனக்குப் பசிகூட வரவில்லை.

ஞாயிறு கோயிலில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தபோது, காற்று நின்றுவிடக் கூடாதே என்ற ஒன்றைத்தான் கேட்டேன். காற்றும் நிற்கவில்லை. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மாமி மீன்முள்ளை எடுத்துக்கொண்டு பூனையைக் கூப்பிட்டார். வரவில்லை. வழக்கம்போல டைனமோ பெட்டியின் மேல் சுகமாகக் கிடந்தது. மாமி பாறைமேல் ஏறிப்போய் அதைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். பூனையின் வயிற்றைத் தடவினார். பிறகு தகர மூடியில் கையை வைத்து, விருட்டென்று எடுத்தார்.

“ஏலே! இஞ்ச ஓடிவா! கெட்டிப்போட்டும் இது வேல செய்யுதுலே!”

ஓடினோம். வானம் மூடிக் கிடந்தது, வெயில் கிடையாது. ஆனால் பெட்டி என் உமி அடுப்பு மாதிரி சுட்டது. உள்ளே மெல்லிய உறுமல். வீட்டுக்காரர் கம்பியைத் தொட்டுப் பார்த்தார், அதுவும் சூடு. உள்ளே ஓடிப் பாட்டரியிலிருந்து கம்பியை உருவினார். சடக்கென்று ஒரு பொறி பறந்தது. உறுமல் நின்றது. பெட்டி ஆற ஆரம்பித்தது.

அவர் பாறையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

“பாட்டரி டைனமோவ சுத்தப் பாக்குது! காத்து சுத்தினா டைனமோ பாட்டரிக்குக் குடுக்கும். சக்கரம் நின்னா பாட்டரி திருப்பி டைனமோவுக்குக் குடுக்குது. கயித்துல கெட்டினா அது சுத்த முடியாம கெடந்து முக்கி முக்கிச் சூடாவுது. ஞாயித்துக்கெழம முழுக்க பாட்டரிய நாமளே குடிச்சுத் தீக்கோம்!”

“அப்ப ஆவணியில காத்தில்லாம சுத்தினது?” என்றேன்.

அவர் சக்கரத்தை நிமிர்ந்து பார்த்தார். காது சிவந்துவிட்டது. ஊரைக் கூட்டிக் காட்டினோமே, அது எங்கள் பாட்டரியைத் தின்றுகொண்டு சுற்றிய சுற்று! கோபத்தில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சக்கரம் நின்றால் கம்பியைத் தானாகப் பிரித்துவிடுவதுதான் அந்தத் தகரப்பெட்டியின் வேலை என்று பிறகு ஷெட்டில் மின்சாரம் தெரிந்தவர் சொன்னாராம். அழகுக்கு வைத்த பெட்டி!

மாமி மட்டும் சிரிக்கவில்லை. பூனையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“அப்ப ஆடியிலேருந்து எல்லா ஞாயிறும் இது வேல செஞ்சிருக்கு?”

“ஆமா அம்மா.”

“கெட்டினதுனாலயா?”

“கெட்டினதுனாலதான்.”

மாமி பூனையைக் கீழே விட்டார். சேலைத்தலைப்பை இழுத்துச் செருகினார். அவிழ்க்கப் போன மகனின் கையைத் தட்டிவிட்டார். “நீ தொடாத. ஊருக்க கண்ணுக்காவ கெட்டினேன், கர்த்தருக்க கண்ணுக்கு முன்னால இது வேல செஞ்சிருக்கு. கெட்டச் சொன்னது நானு, அவுக்கதும் நானாக்கும்.”

கீழே ரோட்டில் மத்தியானக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கையில் வேதப்புத்தகம், தலைமேல் பறக்கிற முக்காடு, முன்னால் உபதேசியார். அத்தனை பேரும் பார்க்க, மாமி பாறையின் உச்சியில் நின்று முடிச்சோடு மல்லுக்கட்டினார். காற்று இழுத்து இழுத்து முடிச்சு இறுகிக் கிடந்தது. விரலால் முடியவில்லை என்றதும் குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். கூட்டம் ரோட்டிலேயே நின்றுவிட்டது. முடிச்சு விட்டது. சக்கரம் ஒரே வீச்சில் கிளம்பி உறுமியது. மாமியின் முக்காடு பறந்தது, அதை எட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார், “கம்பிய மாட்டுலே” என்றார், வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராகப் போய்க் கூட்டத்தோடு சேர்ந்து நடந்தார். உபதேசியார் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். மாமி நிமிர்ந்த தலையைத் திருப்பவில்லை.

திங்கட்கிழமை முதன்முறையாக வெள்ளிக்கிழமை மாதிரி விளக்கு எரிந்தது! அந்தி மயங்கும்போதே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் காற்று ஓய்ந்து ஓய்ந்து அடித்தது. அதனால் ஓர் ஏற்பாடு. வீட்டுக்காரர் பாறைமேல் நின்று சக்கரத்தைப் பார்த்துக் கூவுவார். உள்ளே பாட்டரிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்த மாமி கம்பியை வைப்பார், எடுப்பார்.

“நிக்குது, எடு!”

எடுத்தார்.

“வருது, வருது, வை!”

வைத்தார். கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, கண் கொட்டாமல் செய்தார். என் குச்சிகள் கடகடவென்று விழுந்தன. அவர் கம்பியை எடுத்து வைக்கிற சத்தமும் என் குச்சிச் சத்தமும் மாறி மாறிக் கேட்டதில் எனக்கு அப்படியொரு உற்சாகம். ஒரு கட்டத்தில் மூன்று பேரும் ஒரே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. கடைசி ஊசியைப் பிடுங்கியபோது எட்டுமணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ரோட்டில் போயிற்று. விளக்கு இன்னும் பிரகாசமாகத்தான் இருந்தது. விளிம்பைத் தூக்கிப் பிடித்தேன். இரண்டு கெஜமும் வெள்ளை. மாமி சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, கையை இரண்டு முறை கழுவித் துடைத்துவிட்டு வந்து, ஒரு விரலால் மட்டும் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் மிஸ்ஸியம்மா அதே கறுப்புத் துணியில் விரித்தார். அதே கைக்குட்டையால் ஒற்றினார். முகர்ந்தார். மறுபடி ஒற்றினார்.

“எந்த எண்ணெயில் விளக்கு ஏற்றினாய்?”

“எண்ணெ இல்லம்மா. காத்து.”

கேள்வி எனக்கு விளங்கவில்லையோ என்று நினைத்து அவர் இன்னும் நிதானமாக, சொல் சொல்லாகத் திரும்பக் கேட்டார். நானும் நிதானமாகத் திரும்பச் சொன்னேன். கப்பலேறுவதற்கு முன் கடைசியாக அவர் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் என் வகுப்புக்கான காகிதமும் இருந்தது.

ஐப்பசியில் எங்கள் உள்ளறையில் பதினொரு பெண்கள் தலையணைகளோடு உட்கார்ந்தார்கள். மேல்காற்று போய்விட்டதால் அடுத்த வைகாசி வரை பகல் வெளிச்சத்தில்தான் வகுப்பு. வைகாசி பிறந்ததும் சக்கரம் எழுந்தது, பல்பு இரண்டாயிற்று. அந்தியில் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து “டீச்சர்” என்று கூப்பிட்டுக்கொண்டே நுழைவார்கள். என் காது குளிரும். ஷெட்டிலிருந்து தகரப்பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. அதை நம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு மாமி தினமும் பாட்டரிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார்.

அந்தப் புரட்டாசிக்குப் பிறகு சக்கரத்தை யாரும் கட்டவே இல்லை. வைகாசியின் முதல் ஞாயிறு, கோயில் வாசலில் உபதேசியார் மாமியைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் வெளியே வருகிற நேரம். நான் பின்னால் நின்றேன். அங்கிருந்து பார்த்தாலே பாறைமேல் சக்கரம் சுற்றுவது தெரிந்தது.

“ஓய்வுநாள்ல அத கெட்டிப்போடுவியளே அம்மா, இப்ப என்ன ஆச்சு?”

மாமி திரும்பிச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னையும் ஒருமுறை பார்த்தார்.

“கெட்டிப்போட்டாத்தான் ஐயா அது கெடந்து கஷ்டப்படுது. அவுத்து விட்ட பெறகாக்கும் அதுக்கு ஓய்வு.”